பி செல் கொலாஜன் சுரக்குமா? செல்சாட் படம் இடியாப்பமா வருது, யாராவது பார்த்துச் சொல்லுங்க

மூணாம்வருஷமுனகல் | செவ்வாய், இரவு 11.20

வணக்கம். வாய்ப்புற்று கட்டிக்குள்ள எந்த செல் எந்த செல்லோட பேசுதுன்னு சிங்கிள் செல் ஆர்என்ஏ டேட்டாவை (ஒவ்வொரு செல்லுலயும் எந்த ஜீன் எவ்வளவு ஓடுதுங்கற கணக்கு) வச்சுக் கண்டுபிடிக்கறதுதான் என் பிஎச்டி தலைப்பு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கைடுகிட்ட காட்டணும். கையில இருக்கறதைக் காட்டினா என்ன ஆகும்னு பயமா இருக்கு, அதான் இங்க வந்தேன்.

டேட்டா பத்தி: ஆறு பேஷன்ட். ஆறு பேருக்கும் கன்னத்து உள்பக்கம், ஆறு பேரும் புகையிலை அடக்கற பழக்கம் உள்ளவங்க. நாலு பேருக்கு மட்டும் கட்டிக்குப் பக்கத்துல இருந்த நல்ல திசுவும் கிடைச்சது. டென்எக்ஸ் மெஷின்ல (செல்லைத் துளித் துளியா பிரிச்சு ஆர்என்ஏ படிக்கறது) ஓட்டி, வடிகட்டி, கடைசியா கட்டியில 31,000 செல், நல்ல திசுவுல 7,000 செல் மிஞ்சிச்சு. சூராட் புரோகிராம்ல ஒரே மாதிரி செல்லை கிளஸ்டர் பண்ணி 11 வகைன்னு பேர் வச்சேன். அப்புறம் செல்சாட், எல்லாமே டிஃபால்ட். ஒரு வகை அனுப்பற சிக்னலையும் (லிகாண்ட்) இன்னொரு வகை அதை வாங்கற ரிசெப்டரையும் ஜோடி சேர்த்து, யார் யாரோட பேசலாம்னு கணிக்கற புரோகிராம் அது.

கட்டியில 1,420 இன்டராக்‌ஷன். நல்ல திசுவுல 510. வட்டப் படம் போட்டா எல்லா வகையில இருந்தும் எல்லா வகைக்கும் கோடு. ஜூனியர் எட்டிப் பார்த்துட்டு "தேங்காய்ப் பால் எங்கக்கா?"ன்னு கேட்டுட்டுப் போறா.

எனக்கு உதைக்கறது இதெல்லாம்தான். கொலாஜன் பாத்வே எல்லாத்துக்கும் மேல நிக்குது. சரி, ஃபைப்ரோபிளாஸ்ட் அனுப்புதுன்னா புரியுது, திசுவுக்கு நார் நெய்யறதே அதோட வேலை. ஆனா அனுப்பறவங்க லிஸ்ட்ல ஆன்டிபாடி வம்சத்து பி செல்லும் இருக்கு. கால்1ஏ1ங்கற கொலாஜன் ஜீன் என் பி செல்லில 34 சதவீதத்துல தெரியுது. பி செல் கொலாஜன் சுரக்குமா? ரெண்டு நாளா தேடறேன். கைடு பார்த்தா "நாவல் ஃபைண்டிங்"னு குதிச்சிடுவார், அதுதான் என் பயமே.

இன்னொண்ணு, டி செல் அனுப்பற சிக்னல் இன்டர்ஃபெரான் காமா லிஸ்ட்லயே இல்ல. யுமேப்ல (எல்லா செல்லையும் புள்ளியா காட்டற படம்) போட்டா சிடி8 டி செல்லில பளிச்சுனு தெரியுது. செல்சாட்டுக்கு மட்டும் கண்ணு தெரியலையா?

அப்புறம் p மதிப்பு பாதிக்கு மேல வெறும் 0. இதை தீசிஸ்ல எப்படி எழுதறது?

---

ஆர்பைத்தியம் | செவ்வாய், இரவு 11.58

பி செல் கொலாஜன் சுரக்கல. நீங்க தூங்கலாம்.

உங்க பி செல்லில தெரியறது ஃபைப்ரோபிளாஸ்ட்டோட கொலாஜன். திசுவை என்சைம் போட்டுப் பிரிக்கும்போது கொஞ்சம் செல் உடையும், அதுக்குள்ள இருந்த ஆர்என்ஏ கரைசல்ல மிதக்கும். மெஷின் துளித் துளியா பிரிக்கும்போது ஒவ்வொரு துளிக்குள்ளயும் செல்லோட சேர்ந்து அந்தத் தண்ணியும் கொஞ்சம் போகும், அதுக்கும் அந்த செல்லோட அதே பார்கோடு (எந்த செல்லோடதுன்னு சொல்ற அடையாளம்) விழும். வெளியூர்ல இதை சூப்ங்கறாங்க, எங்க லேபுல ரசம். இலையில ஊத்தின ரசம் பொரியல், அப்பளம் எதையும் பார்க்காம ஓடிப் போய் நனைக்குமே, அந்தக் கதைதான்.

34 சதவீதம்ங்கறதைப் பார்த்து மிரளாதீங்க. நார்மலைஸ் பண்ணாத கவுன்ட்டை எடுத்து, அந்த 34 சதவீத பி செல்லில ஒரு செல்லுக்கு எத்தனை யுஎம்ஐ (தனித்தனி ஆர்என்ஏ மூலக்கூறு எண்ணிக்கை) இருக்குன்னு எண்ணுங்க. ஒண்ணு, ரெண்டுன்னுதான் வரும்னு பந்தயம் கட்டறேன். அதே ஜீன் ஃபைப்ரோபிளாஸ்ட்ல எவ்வளவுன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்படியே ஹீமோகுளோபினோட எச்பிபி, கெரட்டின் கேஆர்டி5, பிளாஸ்மா செல்லோட ஐஜிகேசி மூணையும் எல்லா கிளஸ்டருக்கும் டாட் பிளாட் போடுங்க. மூணும் எல்லா வரிசையிலயும் லேசா புள்ளி வச்சிருந்தா ரசம் ஓடியிருக்கு. டி செல்லுக்கு எதுக்குங்க கெரட்டின்?

"பொய்யா இருந்தா p மதிப்பு பிடிச்சிருக்காதா?"ன்னு அடுத்து கேப்பீங்க. செல்சாட் பண்றது என்னன்னா, செல்களோட பேர்ச்சீட்டைக் கலைச்சுக் கலைச்சுப் போட்டு, கலைச்சப்போ வந்த மதிப்பு உங்க நிஜ மதிப்பைத் தாண்டுதான்னு பார்க்குது. டிஃபால்ட்டா 100 தடவை. ஒரு தடவைகூட தாண்டலைன்னா 0ன்னு எழுதிடும். அதுக்கு அர்த்தம் 0.01க்கும் கீழன்னுதான், பூஜ்யம்னு தீசிஸ்ல எழுதிடாதீங்க. அந்த டெஸ்ட் கேக்கற கேள்வியும் வேற. "இந்த ஜோடி இந்த ரெண்டு வகைக்குச் சிறப்பா பொருந்துதா"ன்னுதான் கேக்குது, "இந்த ரெண்டு செல்லும் பேசிச்சா"ன்னு கேக்கல. உங்க பி செல்லில முக்கால்வாசி ஒரே ஒரு பேஷன்ட்ல இருந்து வந்து, அந்த ஒரு சாம்பிள்ல மட்டும் ரசம் அதிகமா இருந்தா, பி செல்லுக்கே உரிய கொலாஜன்னு அது நம்பிடும். பேஷன்ட் வாரியா டேபிள் போட்டுப் பாருங்க, எனக்கு அப்படித்தான் தோணுது.

இன்டர்ஃபெரான் காமாவுக்குக் காரணம் சின்னது. சராசரிக்கு டிஃபால்ட் ட்ரைமீன். கால், அரை, முக்கால் இடத்து மதிப்புகளை எடுத்து, நடுவுலதுக்கு ரெட்டை எடை கொடுத்து நாலால வகுக்கறது. ஒரு வகையில கால்வாசிக்கும் குறைவான செல்லில ஒரு ஜீன் இருந்தா மூணு மதிப்பும் சுழி, சராசரியும் சுழி. உங்க சிடி8ல நூத்துக்கு இருபது செல்தான் இன்டர்ஃபெரான் போடுதுன்னா அது கணக்குக்கே வராது. ட்ரங்கேட்டட் மீன்னு மாத்தி ட்ரிம் 0.1ன்னு கொடுங்க, வந்துடும். ஆனா ரசத்தைத் துடைக்காம இதை மாத்தினீங்கன்னா இடியாப்பம் இன்னும் பெருசாகும். முதல்ல துடைங்க.

துடைக்க சூப்எக்ஸ் போதும். செல்பெண்டர் நல்லாதான் இருக்கும், ஜிபியு இல்லாம உக்கார்ந்தா விடிஞ்சிடும். ரெண்டுக்குமே ஃபில்டர் பண்ணாத ரா மேட்ரிக்ஸ் வேணும், ஏன்னா ரசத்தோட ருசியை காலித் துளியில இருந்துதான் அது கத்துக்குது.

1,420க்கு 510ங்கற ஒப்பீட்டை வச்சு எந்த முடிவுக்கும் வராதீங்க. நல்ல திசுவுல வகைக்கு எத்தனை செல் இருக்கு?

---

மூணாம்வருஷமுனகல் | புதன், காலை 7.05

அண்ணா, தூங்கல.

டேபிள் போட்டேன். மொத்த பி செல்லில 71 சதவீதம் நாலாவது பேஷன்ட். அந்த ஒரு சாம்பிள்தான் ஐஸ் பெட்டியில ரெண்டரை மணி நேரம் லேட்டா வந்தது, மழை, வண்டி மாட்டிக்கிச்சு. கவுன்ட் பார்த்தேன்: பி செல்லில கால்1ஏ1 ஒண்ணு, சிலதுல ரெண்டு. ஃபைப்ரோபிளாஸ்ட்ல 140, 200ன்னு போகுது. பந்தயத்துல நீங்க ஜெயிச்சிட்டீங்க.

நல்ல திசுவுல ஃபைப்ரோபிளாஸ்ட் 63. பி செல் 12. எழுதும்போதே வெக்கமா இருக்கு.

ரா மேட்ரிக்ஸ் எங்ககிட்ட இல்ல. சீக்வென்சிங் பண்ணவங்க ஃபில்டர் பண்ண ஃபோல்டரை மட்டும் அனுப்பியிருக்காங்க, கேட்டு மெயில் போட்டிருக்கேன்.

---

சும்மாபார்ப்போம் | புதன், காலை 9.40

எதுக்கு இவ்வளவு கஷ்டம்? லியானா ஓட்டுங்க, ஏழெட்டு முறை சேர்ந்து ஓட்டுப் போட்டுச் சொல்லிடும். எல்லாம் ஒத்துக்கிட்டா உண்மை.

---

ஆர்பைத்தியம் | புதன், காலை 10.15

@சும்மாபார்ப்போம் லியானா நல்ல கருவி, நானும் ஓட்டறேன். ஆனா அதை உருவாக்கின ஹைடெல்பெர்க் குழுவே 2022ல 16 டேட்டாபேஸையும் 7 முறையையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டு, எதை எடுக்கறோமோ அதைப் பொறுத்து பதில் மாறுதுன்னுதான் எழுதினாங்க. டேட்டாபேஸ்கள்ல பலதுக்கும் மூலம் ஒண்ணுதான், ஒண்ணைப் பார்த்து ஒண்ணு எடுத்தது. ஒரே வீட்டுல ஏழு பேரைக் கேட்டுட்டு ஊரே சொல்லுதுன்னு சொல்ல முடியாது. ரசம் இருந்தா ஏழு பேரும் சேர்ந்தேதான் ஏமாறுவாங்க.

கொலாஜன் மேல நிக்கறதுக்கும் இதுல ஒரு காரணம் இருக்கு. கொலாஜன் ஜீன் ஏகப்பட்டது, ஒவ்வொண்ணுக்கும் சிடி44, சின்டெக்கன், இன்டெக்ரின்னு எதிர்ல ஒரு கூட்டம். ஜோடி எண்ணிக்கையிலயே ஜெயிச்சிடும். செல்சாட்ல சுரக்கற சிக்னல், செல்லுக்கு வெளியில இருக்கற நார் மேட்ரிக்ஸ், செல் ஒட்டறதுன்னு தனித்தனிப் பிரிவு இருக்கு. உங்க கேள்விக்கு எது வேணுமோ அதை மட்டும் எடுத்து ஓட்டுங்க.

அதே மாதிரி மிஃப்–சிடி74. நான் பார்த்த எந்த டேட்டாவுலயும் அது வராம இருந்ததில்ல. மிஃப் கிட்டத்தட்ட எல்லா செல்லும் போடற சாமான். கூப்பிடாத கல்யாணத்துக்கும் வர்ற சித்தப்பா அது.

---

ஸ்லைடுஅக்கா | புதன், மதியம் 2.30

நான் கம்ப்யூட்டர் ஆள் இல்ல, பேத்தாலஜி. இருபது வருஷமா வாய்ப்புற்று ஸ்லைடுதான் பார்க்கறேன். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதேம்மா. உன் டேட்டாவுல எந்த செல் எதுக்குப் பக்கத்துல இருந்ததுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?

இல்லல்ல? திசுவைக் கரைச்சு ஊத்தின அந்த நிமிஷமே அது போயிடுச்சு. இப்போ நீங்க எல்லாரும் பண்றது, கல்யாணம் முடிஞ்சு மண்டபம் காலியானப்புறம் மொய் நோட்டை வச்சுக்கிட்டு, யார் யாரோட உக்கார்ந்து பேசினாங்கன்னு சொல்றது. யார் வந்தா, எந்த ஊர், எவ்வளவு எழுதினான்னு நோட்டுல இருக்கும். பெரியப்பாவும் சம்பந்தியும் ஒரே பந்தியில உக்கார்ந்தாங்களா, முகத்தைத் திருப்பிக்கிட்டாங்களான்னு நோட்டுல இருக்காது.

கன்னத்துக் கட்டியை மைக்ரோஸ்கோப்ல 10எக்ஸ் லென்ஸ்ல வச்சுப் பார்த்தா செதிள் செல்கள் தீவு தீவா இருக்கும், சில தீவு நடுவுல கெரட்டின் முத்து. தீவைச் சுத்தி ஃபைப்ரோபிளாஸ்ட் பாய் நெசவு மாதிரி ஓடும். பாதிக் கட்டியில லிம்போசைட் (டி செல், பி செல் வகையறா) எல்லாம் அந்தப் பாய்லயே நின்னுடும், தீவுக்குள்ள ஒண்ணு ரெண்டுதான் போகும். உன் 1,420 கோட்டுல தீவு நடுவுல இருக்கற செல்லுக்கும் வெளியில ரத்தக்குழாய் ஓரத்துல இருக்கற மாஸ்ட் செல்லுக்கும் நடுவுல எத்தனை கோடு? அதுங்க ஒண்ணையொண்ணு பார்த்தேயிருக்காது.

இதை ஒழுங்கா பண்ணவங்களும் இருக்காங்க. 2017ல பாஸ்டன் குழு ஒண்ணு 18 பேஷன்ட்டோட தலை கழுத்துப் புற்றுல, அதுவும் வாய்க்குள்ள வந்த கட்டியில, ஆறாயிரம் செல் கிட்ட படிச்சாங்க. கட்டி செல்லில ஒரு பகுதி அரைகுறையா உருமாறி ஊர்ந்து போகத் தயாரா இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. நீ பண்ற மாதிரியே லிகாண்ட் ரிசெப்டர் ஜோடி பார்த்து, ஃபைப்ரோபிளாஸ்ட்ல இருந்து வர்ற டிஜிஎஃப் பீட்டாங்கற சிக்னல் காரணமா இருக்கலாம்னு யோசிச்சாங்க. அதோட விடல. ஸ்லைடை சாயம் போட்டுப் பார்த்தாங்க, அந்த செல்கள் தீவோட ஓரத்துல, ஃபைப்ரோபிளாஸ்ட்டை ஒட்டித்தான் இருந்தது. வாய்ப்புற்று செல் லைன்ல டிஜிஎஃப் பீட்டா போட்டும் பார்த்தாங்க. எனக்கு அந்த பேப்பர்ல பிடிச்சதே அந்த ஸ்லைடு படம்தான்.

டிஜிஎஃப் பீட்டான்னதும் இன்னொண்ணு. அது செல்லை விட்டு வெளியில வரும்போது கை கால் கட்டித்தான் வரும், தூங்கற நிலையில. ஆல்ஃபா வி பீட்டா 6ன்னு ஒரு இன்டெக்ரின் மாதிரி ஏதாவது அவிழ்த்து விட்டாத்தான் வேலை செய்யும். ஆர்என்ஏ எவ்வளவு இருக்குன்னு எண்ணறது சரி, கட்டு அவிழ்ந்துதான்னு உன் டேட்டா சொல்லாது.

உங்க டிபார்ட்மெண்ட்ல அதே ஆறு பேரோட பிளாக் (மெழுகுல பதிச்ச திசு) இருக்கும், கேட்டு வாங்கு. சிடி8 ஸ்லைடு ஏற்கெனவே போட்டிருந்தாலும் ஆச்சரியமில்ல.

---

ஆர்பைத்தியம் | புதன், இரவு 9.10

அக்கா மொய் நோட்டை நான் திருடிக்கறேன், அடுத்த பிரசன்டேஷனுக்கு.

முனகல், அக்கா சொன்ன 2017 டேட்டா பொதுவுல கிடைக்குது. நிஷ்நெட்ங்கற இன்னொரு கருவியை உருவாக்கின பெல்ஜியம் குழு அதே டேட்டாவை வச்சுத்தான் தங்களோட முறையைக் காட்டினாங்க. அது கேள்வியைத் திருப்பிப் போடும். எந்த ஜோடி ரெண்டு பக்கமும் இருக்குன்னு பார்க்காம, வாங்கற செல்லுக்குள்ள என்ன ஜீன் மாறியிருக்கு, அதை எந்த லிகாண்ட் மாத்தியிருக்க முடியும்னு வரிசைப்படுத்தும். லிஸ்ட் குட்டியா வரும், கேள்வி தெளிவா இருந்தா மட்டும்.

கேள்விதான் விஷயமே. இதே வேலை பண்ற செல்ஃபோன்டிபிங்கற கருவியைப் பயன்படுத்தி 2018ல வந்த பேப்பரை எடுத்துக்கங்க. கருவோட செல் பாதி அப்பாவோடது, அம்மாவோட எதிர்ப்பு செல் ஏன் அதை விட்டுவைக்குதுன்னு ஒரே கேள்வி. முதல் மூணு மாத நச்சுக்கொடியும் கருப்பைச் சவ்வும் சேர்த்து 70,000 செல் கிட்ட. அங்கயும் திசுவுல எந்த செல் எங்க இருக்குன்னு சாயம் போட்டுப் பார்த்தாங்க. உங்க கேள்வி என்ன? "எல்லாமும் எல்லாத்தோடயும் என்ன பேசுது"ன்னா பதில் இடியாப்பம்தான்.

வேலையா சொல்றேன்: ரசம் துடைங்க. ஆறு பேஷன்ட்டையும் தனித்தனியா ஓட்டி, ஒவ்வொரு ஜோடியும் ஆறுல எத்தனை பேர்கிட்ட வருதுன்னு எண்ணுங்க. 31,000 செல் இருந்தாலும் உங்ககிட்ட இருக்கறது ஆறு ஆளு. நல்ல திசுவோட ஒப்பிடணும்னா அதே நாலு பேரோட கட்டியை மட்டும் எடுத்து, வகைக்கு சம எண்ணிக்கைக்குக் குறைச்சு ஓட்டுங்க. 12 பி செல் இருக்கற வகையை ஒப்பீட்டுல இருந்தே தூக்கிடுங்க.

---

மூணாம்வருஷமுனகல் | அடுத்த வியாழன், இரவு 12.50

வந்துட்டேன். நாளைக்கு மீட்டிங்.

ரா மேட்ரிக்ஸ் வர நாலு நாள் ஆச்சு. சூப்எக்ஸ் கணக்குப்படி மத்த அஞ்சு சாம்பிள்ல கலப்படம் 3ல இருந்து 6 சதவீதம், நாலாவது பேஷன்ட்ல 17. துடைச்சதும் பி செல் கொலாஜன் அனுப்பறவங்க லிஸ்ட்ல இருந்து இறங்கிடுச்சு. "நாவல் ஃபைண்டிங்" செத்துடுச்சு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேள்வியை ஒண்ணா குறைச்சேன்: டி செல் ஏன் ஃபைப்ரோபிளாஸ்ட் பாய்லயே நின்னுடுது? அக்கா சொன்னதுல இருந்து எடுத்ததுதான். சுரக்கற சிக்னல் மட்டும், ட்ரிம் 0.1, ஃபைப்ரோபிளாஸ்ட் அனுப்ப சிடி8 வாங்க, பேஷன்ட் வாரியா. மொத்தம் ஒன்பது ஜோடி வந்தது. அதுல ஆறுக்கு ஆறும் வந்தது மிஃப், சித்தப்பா. அஞ்சு பேர்ல வந்தது சிஎக்ஸ்சிஎல்12–சிஎக்ஸ்சிஆர்4 (முதல்லது சிக்னல், ரெண்டாவது அதை வாங்கற ரிசெப்டர்). ஒண்ணாவது பேஷன்ட்ல மட்டும் இல்ல. மத்ததெல்லாம் ரெண்டு, மூணு பேர். இன்டர்ஃபெரான் காமாவும் இப்போ தெரியுது, சிடி8ல இருந்து மேக்ரோஃபேஜுக்கு, நாலு பேர்ல.

சிஎக்ஸ்சிஎல்12ன்னதும் தேடிப் பார்த்தேன். 2013லயே எலியோட கணையப் புற்றுல பார்த்திருக்காங்க. ஃபைப்ரோபிளாஸ்ட் போடற சிஎக்ஸ்சிஎல்12தான் டி செல்லைத் தள்ளி வைக்குது, சிஎக்ஸ்சிஆர்4ஐ ஏஎம்டி3100 மருந்தால அடைச்சதும் டி செல் உள்ள போச்சுன்னு. அதனால நான் எதையும் புதுசா கண்டுபிடிக்கல. வாயிலயும் அப்படியான்னு கேக்க ஒரு கேள்வி கிடைச்சிருக்கு, அவ்வளவுதான்.

அக்கா, பிளாக் கேட்டேன். நீங்க சொன்ன மாதிரியே சிடி8 ஸ்லைடு நாலு பேருக்கு ஏற்கெனவே இருந்தது. நேத்து சாயங்காலம் முழுக்க மைக்ரோஸ்கோப்ல. ரெண்டு, நாலு, அஞ்சுல அப்படியே நீங்க சொன்னதுதான்: பாய் முழுக்க பழுப்புப் புள்ளி, தீவு காலி. ஆனா மூணாவது பேஷன்ட்ல தீவுக்குள்ளயே டி செல் நிறைய. அவருக்கும் சிஎக்ஸ்சிஎல்12 ஜோடி பலமா வருது. கதை உடையுது. நாளைக்கு இதையும் சேர்த்துக் காட்டறதா, மூணைப் பத்திப் பேசாம விட்டுடறதா?

---

ஸ்லைடுஅக்கா | வெள்ளி, காலை 6.40

காட்டு. மறைச்சா வைவாவுல அதைத்தான் கேப்பாங்க.

சிஎக்ஸ்சிஆர்4 ஆர்என்ஏ இருக்குங்கறதால செல் மேல ரிசெப்டர் நிக்குதுன்னு இல்ல, லிகாண்ட் ஒட்டினதும் அது உள்ள போயிடும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம். மூணாவது பேஷன்ட்கிட்ட சீக்வென்சிங்குக்கு எடுத்த துண்டு கட்டியோட ஓரமா, நடுவா? ஸ்லைடுக்கு எடுத்த பிளாக் எங்க இருந்து? கிராஸ் குறிப்புல (கட்டியைக் கண்ணால பார்த்து வெட்டும்போது எழுதறது) எழுதியிருப்பாங்க, பாரு.

---

மூணாம்வருஷமுனகல் | வெள்ளி, காலை 8.15

பார்த்தேன் அக்கா. சீக்வென்சிங் துண்டு ஓரம். ஸ்லைடு பிளாக் நடு.

ஓரத்து பிளாக்கும் ஒண்ணு இருக்காம். மீட்டிங் முடிஞ்சதும் வெட்டக் கொடுக்கறேன்.